கடற்கரை இருட்டில் வானத்தைப் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டுக் கடற்கரையில் சில ஆண்டுகளாக இரவு வானத்தைப் படமெடுத்து வருகிறேன். படங்களைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, என்ன கேமரா என்றுதான். கேமராவைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் நல்ல படத்துக்கு முதல் தேவை இருட்டு. அது எங்கே, எப்போது கிடைக்கும், அதைக் கெடுக்காமல் எப்படி நிற்பது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் பதில்களும் அந்த வரிசையிலேயே வருகின்றன.

தனுஷ்கோடி இன்னும் இருட்டாக இருக்குமே, ஏன் மணப்பாடு?

தனுஷ்கோடி இருட்டுதான். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அங்கே ஊர் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் மாலைக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் அங்கே தங்க அனுமதி கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கண்ணுக்குத் தப்பி ஒளிந்து நிற்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது சர்வதேச எல்லையை ஒட்டிய கடல்.

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணல்குன்று, அதன் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், பக்கத்திலேயே கலங்கரை விளக்கம். ஊருக்குள் எல்இடி தெருவிளக்குகள் உண்டு. வடக்கே திருச்செந்தூரின் வெளிச்சமும் தெரியும். ஆனால் இந்த இடத்தின் சிறப்பு வேறு: இங்கிருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால் அண்டார்க்டிகா வரை பெரிய நிலப்பரப்பு எதுவும் குறுக்கே வராது. தெற்கு வானத்தைத் தொடுவானம் வரை இப்படித் துடைத்து வைத்தாற்போல் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு.

குன்றின் மேல் நிற்க வேண்டாம். கலங்கரை விளக்கத்தின் கதிர் ஈரக் காற்றில் பட்டுப் படம் முழுவதும் வெளிறிவிடும். விளக்கை முதுகுக்குப் பின்னால் விட்டு, மணலில் ஒன்றரைக் கிலோமீட்டராவது நடந்துவிடுங்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் நடுவில் வரும் மிதுன எரிமீன் பொழிவைப் பல வருடங்கள் மேகத்துக்குப் பறிகொடுத்திருக்கிறேன். ஜூனிலிருந்து கச்சான் என்னும் மேல்காற்று பிடித்துக்கொள்ளும். அதில் தேரிக் காட்டுச் செம்மணல் பறந்து வந்து லென்ஸில் அறையும், டிரைபாட்டும் நிற்காது.

அமாவாசை இரவில்தான் போக வேண்டுமா?

இல்லை. வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி போட்டிருக்கும், அதைப் பாருங்கள். வளர்பிறையில் முதல் ஏழு நாட்கள் நிலா நள்ளிரவுக்குள் மறைந்துவிடும். அதன் பிறகு விடியும்வரை முழு இருட்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்வீதியின் நடுப்பகுதி பின்னிரவில்தான் எழும் என்பதால் இந்த நாட்கள் அமாவாசைக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. பௌர்ணமி கழிந்து தேய்பிறை ஏற ஏற, முன்னிரவு இருட்டாகக் கிடைக்கும். நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும்.

சூரியன் மறைந்த உடனே இருட்டிவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் வானம் முழுதாகக் கறுக்கும். நம் ஊரில் அதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

தெற்கு வானம் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மணப்பாடு சுமார் 8.4 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் வடக்கே எட்டு பாகை உயரத்தில், ஏதோ வீட்டு மாடி விளக்கு போலத் தாழ்ந்து நிற்கும். பல இரவுகளில் கண்ணுக்கே அகப்படாது. வடக்கில் இழந்த அளவுக்குத் தெற்கில் நமக்குக் கிடைக்கிறது. டெல்லிக்காரர் தொடுவானத்தின் புழுதியில் தேட வேண்டிய தெற்குச் சிலுவை, நம் திரிசங்கு, இங்கே கடலுக்கு மேல் இருபது பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டியின் அகலம் ஏறத்தாழ பத்து பாகை. கடலிலிருந்து இரண்டு முஷ்டி அளந்து பாருங்கள், அங்கே இருக்கும். மார்ச் நடுவில் இரவு ஒரு மணிக்கு மேல் உச்சத்துக்கு வரும். மே மாதம் என்றால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கே பார்க்கலாம். அதற்கு இடப்பக்கத்தில் வரிசையாக நிற்கும் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் ஆல்பா செண்டாரியும் பீட்டா செண்டாரியும். ஆல்பா செண்டாரி நம் சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம்.

பிப்ரவரியில் முன்னிரவிலேயே போனால் தெற்கே பளிச்சென்று ஒன்று நிற்கும். அகத்தியர் நட்சத்திரம். வானத்திலேயே இரண்டாவது பிரகாசமானது. அதற்கும் கீழே, ஜனவரி இறுதியில் ஒன்பது மணியளவில், கடலிலிருந்து பன்னிரண்டு பாகை உயரத்தில் பெரிய மெகல்லன் மேகம் இருக்கிறது. அது பால்வீதியைச் சேர்ந்தது அல்ல, தனி விண்மீன் மண்டலம். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து இன்னொரு விண்மீன் மண்டலத்தைத் தெற்கே படமெடுக்கலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கடல் மேல் ஈரப்பதம் குறைந்த ஓர் இரவில், இருபது வினாடி ஷட்டரில், கேமராத் திரையின் அடியில் விரல்நுனியால் தேய்த்துவிட்டது போல ஒரு வெள்ளைத் தடம் விழுந்தது. லென்ஸில் கறை என்று நினைத்துத் துடைத்தேன். மறுபடி எடுத்தேன். அதே இடத்தில் அதே தடம். கறை இல்லை என்று புரிந்தபோது உட்கார்ந்துவிட்டேன்.

பால்வீதியின் நடுப்பகுதி கடலிலிருந்தே எழுமா?

எழும். கிழக்குக் கரைக்காரர்களுக்கு வாய்த்த பெரிய பேறு இது. நேர் கிழக்கிலிருந்து ஏறத்தாழ முப்பது பாகை தெற்கே விலகி, கடலிலிருந்தே ஏறி வரும். கேரளக் கரையில் இருப்பவர்கள் அது கடலில் இறங்குவதைப் பார்ப்பார்கள். பிப்ரவரி நடுவில் அதிகாலை மூன்று மணியளவிலும், மார்ச் நடுவில் ஒரு மணிக்குச் சற்று முன்னும், ஏப்ரல் நடுவில் பத்தே முக்கால் மணியளவிலும் எழத் தொடங்கும். முதலில் கேட்டை செம்மையாகத் தெரியும், பின்னால் விருச்சிகத்தின் வால் வளைந்து வரும். வாலின் நுனியில் மூலம். மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளித்தான் பால்வீதியின் மையம்.

சாதாரண கேமராவும் அதோடு வந்த லென்ஸும் போதுமா?

போதும். லென்ஸின் குவியத் தொலைவு 18 மில்லிமீட்டர், துளையின் அளவு எஃப் 3.5 (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்), ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் திறந்திருப்பது 15 வினாடி. இதே அமைப்பில் அசைக்காமல் பதினாறு படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல், அதாவது படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள், நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பதினாறின் வர்க்கமூலம் நான்கு, அவ்வளவுதான் கணக்கு. விலை உயர்ந்த லென்ஸ் ஒரே படத்தில் தருவதை இது நான்கு நிமிடப் பொறுமையில் தரும். காசு கையில் இருந்தால் முதலில் உறுதியான டிரைபாட் வாங்குங்கள். அடுத்ததாக எஃப் 2.8 அல்லது அதற்கும் அகலமாகத் திறக்கும் அகலக்கோண லென்ஸ். கேமராவை மாற்றுவது கடைசி.

ஷட்டரை எத்தனை வினாடி திறந்து வைக்கலாம்?

500ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுக்கச் சொல்லும் பழைய விதி ஒன்று உண்டு. சிறிய சென்சார் கேமராவில் குவியத் தொலைவை 1.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்குப்படி 18 மில்லிமீட்டருக்கு 18 வினாடி வரும். இன்றைய கேமராக்களில் அவ்வளவு போனால் நட்சத்திரங்கள் அரிசிபோல் நீண்டுவிடுகின்றன. நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வான நடுவரை, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு, ஏறத்தாழ நம் தலைக்கு மேலாகவே போகிறது. நட்சத்திரங்கள் வேகமாக நகர்வது போலத் தெரிவது அந்தப் பட்டையில்தான். ஆகவே 500க்குப் பதில் 300 வைத்துக் கணக்கிடுங்கள். தெற்கே தாழ்வாக உள்ளவற்றுக்குச் சில வினாடிகள் கூட்டிக்கொள்ளலாம், மேலே சொன்ன 15 வினாடி அப்படி வந்ததுதான்.

மற்றவை: கேமரா பதிந்ததை மாற்றாமல் வைக்கும் ரா கோப்பு, வெள்ளைச் சமநிலை 4000 கெல்வின் அளவில், இரண்டு வினாடி தாமத ஷட்டர், அதிர்வுத் தடுப்பை அணைத்து வைத்தல். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். இருட்டில் எல்லாப் படமும் திரையில் பிரகாசமாகத்தான் தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்தால் கறுத்துக் கிடக்கும். படத்தின் ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை மட்டும் நம்புங்கள்.

ஃபோகஸ் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பியதால் இருக்கும். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, நேரடித் திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வளையத்தை மெல்லத் திருப்பும்போது புள்ளி சிறுத்துக்கொண்டே போய், ஓரிடத்தில் மிகச் சிறிதாகி, பிறகு மறுபடி பெருக்கும். சிறுத்த இடத்தில் நிறுத்தி டேப் ஒட்டிவிடுங்கள். இரவு குளிரக் குளிர அது லேசாக விலகும் என்பதால் மணிக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மொபைலில் எடுக்க முடியுமா?

முடியும், அசையாமல் நிறுத்த ஏதாவது இருந்தால். கூகுள் பிக்சலில் 2019இல் வந்த நட்சத்திரப் பட வசதி, 16 வினாடிப் படங்கள் பதினைந்தை நான்கு நிமிடத்தில் எடுத்துத் தானே அடுக்கித் தருகிறது. மேலே சொன்ன அதே அடுக்கும் வேலைதான். வேறு மொபைல்களில் ப்ரோ வசதிக்குப் போய் ஷட்டரை நீட்டிக்க முடியுமா என்று பாருங்கள்.

கடற்கரையில் மட்டும் என் படங்கள் பாதி இரவுக்குப் பிறகு மங்கிப் போகின்றன. ஏன்?

பனி. முதல் வருடம் எனக்கும் இது தெரியவில்லை. ஒரு பிப்ரவரி இரவில் கேமராவைத் தானாக எடுக்க விட்டுவிட்டு, மணலில் துண்டை விரித்துப் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து போய் லென்ஸைத் தொட்டால் விரல் நனைந்தது. 140 படங்கள். முதல் முப்பதுக்குப் பிறகு ஒவ்வொரு நட்சத்திரமும் ஊதிக்கொண்டே போய், கடைசியில் பாலில் கரைந்தது போல எதுவும் இல்லாமல் போயிருந்தது.

கண்ணாடி இரவில் வெப்பத்தை வானத்துக்குள் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. கடற்காற்றின் ஈரம் உடனே அதில் படிகிறது. மருந்து எளிது: லென்ஸைச் சுற்றிக் கட்டும் யூஎஸ்பி சூட்டுப்பட்டை, அதற்கு ஒரு பவர் பேங்க். பனி படிந்த பிறகு அல்ல, முதல் படத்துக்கு முன்பே கட்டிவிட வேண்டும். துடைப்பது தீர்வாகாது. துணியில் உள்ள உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும்.

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேரே கேமராவை வெளியே எடுப்பதும் இதே வினைதான். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலையும் டிரைபாட்டின் ஒவ்வொரு காலையும் துடையுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் உப்பு திருகுகளைத் தின்றுவிடும். கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது.

மணலில் டிரைபாட் இறங்கிவிடுகிறதே?

மூன்று சிரட்டைகள் (கொட்டாங்குச்சி) கொண்டுபோங்கள். வாய் மேலே இருக்கும்படி மணலில் அழுத்திப் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வையுங்கள். கடைகளில் விற்கும் அகலப் பாதங்களைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அலை வந்து தொடும் ஈர மணலில் மட்டும் எதுவும் உதவாது. ஒவ்வொரு அலைக்கும் கால் ஒரு நூல் இறங்கும்.

இரவில் கடல் பக்கம் நிற்பது ஆபத்தா?

கவனக்குறைவாக நின்றால் ஆபத்துதான். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதம் அதிகம். மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் சரிவு குறைந்த கரையில் அந்த அளவே பல அடி தூரம் உள்ளே வந்துவிடும். அதைவிட அஞ்ச வேண்டியது கள்ளக்கடல். எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில், கண்ணுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் எழும்பி வரும். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் ஐவரைக் கடல் கொண்டுபோனது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படும் முன் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் போகாதீர்கள். பால்வீதி அடுத்த மாதமும் வரும்.

தனியாகவும் போக வேண்டாம். இரண்டு பேர் என்றால் ஒருவர் கேமராவைப் பார்க்கும்போது மற்றவர் கடலைப் பார்க்கலாம்.

போலீஸ் அனுமதி வேண்டுமா?

பொதுக் கடற்கரையில் நிற்க எழுத்து மூலமான அனுமதி பொதுவாகத் தேவையில்லை. ஆனால் 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் கண்காணிப்பு கூடியிருக்கிறது. நள்ளிரவில் கறுப்புப் பையோடும் முக்காலியோடும் கடலைப் பார்த்து நிற்கிறவரை விசாரிப்பது அவர்கள் கடமை. மாலையிலேயே கடலோரக் காவல் நிலையத்துக்குப் போய்ப் பெயர், வண்டி எண், நிற்கப்போகும் இடம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முந்தைய படம் ஒன்றை மொபைலில் வைத்திருந்து காட்டினால் பேச்சு எளிதாகிவிடும். தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், வடக்கே குலசேகரன்பட்டினத்தில் எழும் இஸ்ரோ ஏவுதளம் ஆகியவற்றின் பக்கம் கேமராவைக் கொண்டுபோகவே கூடாது.

போலீஸைவிட முக்கியம் ஊரின் சம்மதம். படகுகள் நிற்கும் இடத்தில் வலை சீர்பார்த்துக்கொண்டிருப்பவரிடம், அண்ணாச்சி, இன்று இரவு அந்தப் பக்கம் நின்று வானத்தைப் படமெடுக்கலாமா என்று கேளுங்கள். எங்கே கால் புதையும், எப்போது படகு தள்ளுவார்கள், எந்தப் பக்கம் நாய்கள் இருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கே பதிலாக வரும்.

தொடுவானத்தில் படகு விளக்குகள் விழுந்து படத்தைக் கெடுக்கின்றன. என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, விளக்குகளும் குறையும். நாட்டுப்படகுகள் அப்போதும் போகும். ஆனால் அந்த விளக்குகள் படத்தைக் கெடுக்கின்றன என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கடலில் இரவு முழுக்க வேலை நடக்கிறது. தொடுவானத்தில் ஐந்தாறு மஞ்சள் புள்ளிகளும் மேலே விருச்சிகமும் சேர்ந்ததுதான் இந்த ஊரின் இரவு. அவற்றை அழித்துவிட்டுக் காட்டும் படம் வேறு ஏதோ ஊரின் படம்.

டார்ச் அடிக்கலாமா?

சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்து டார்ச்சின் முகத்தில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. நீங்கள் படமெடுக்கும் அதே ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் தமிழகக் கரைகளில் முட்டையிட ஏறி வருகின்றன. வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும். பொரித்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் மேலுள்ள மெல்லிய வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் ஊர்ப்பக்கம் ஓடி, நாய்க்கும் வெயிலுக்கும் இரையாகும். மணலில் டிராக்டர் சக்கரம் போன பாதை போல ஒரு தடம் கண்டால் விளக்கை அணைத்து, பேசாமல், தள்ளிப் போய்விடுங்கள். ஃபிளாஷ் ஒருபோதும் வேண்டாம்.

வட்ட வட்டமாக நட்சத்திரச் சுவடுகள் எடுக்க ஆசை.

முழு வட்டம் இங்கே கிடைக்காது, துருவம் அவ்வளவு தாழ்வாக இருப்பதால். அதற்குப் பதிலாகத் தெற்கே திருப்புங்கள். தென் துருவப் புள்ளி கடலுக்குக் கீழே எட்டு பாகையில் மறைந்திருக்கிறது. அதைச் சுற்றும் சுவடுகள் கடலின் மேல் வில் வில்லாக வளைந்து நிற்கும். 30 வினாடிப் படங்கள் 120 எடுத்தால் ஒரு மணி நேரம், 15 பாகை நகர்வு. கிழக்கே திருப்பினால் சுவடுகள் ஏறக்குறைய செங்குத்துக் கோடுகளாக, கடலிலிருந்து மழை மேல்நோக்கிப் பெய்வது போல இருக்கும்.

விடிவதற்கு முன்பே கிழக்கில் கூம்பு வடிவில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஏதாவது ஊரா?

ஊர் இல்லை. கோள்கள் சுற்றும் தளத்தில் மிதக்கும் தூசியில் பட்ட சூரிய ஒளி அது. ராசி ஒளி என்பார்கள். வெப்ப மண்டலத்தில் அது தொடுவானத்திலிருந்து நிமிர்ந்து நிற்பதால் நமக்கு நன்றாகத் தெரிகிறது. படமெடுங்கள், எடிட்டிங்கில் அழித்துவிடாதீர்கள்.

அலை நீலமாக ஒளிர்வதையும் சேர்த்து எடுக்க முடியுமா?

வாய்த்தால். 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் பலர் பார்த்தார்களே, அந்த ஒளி நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் அலையில் குலுங்கும்போது வருவது. நாள் குறித்துப் போய் எடுக்க முடியாது.

எடிட்டிங் எவ்வளவு செய்யலாம்?

அடுக்குவதற்கு விண்டோஸில் சீக்வேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. வானத்தையும் கடலையும் தனித்தனியாகக் கையாளும். பிறகு மாறுபாட்டைக் கூட்டலாம், ஊர் வெளிச்சத்தின் மஞ்சளைக் குறைக்கலாம். என் எல்லை இதுதான்: வேறோர் இடத்தில் எடுத்த பால்வீதியை இந்தக் கடலின் மேல் ஒட்ட மாட்டேன், அது உண்மையில் இருந்த அளவைவிடப் பெரிதாக்கவும் மாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று என் படத்தைப் பார்த்துவிட்டு அதே கரைக்கு வந்து தலையை நிமிர்த்தினால், படத்தில் இருந்தது இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரே ஓர் இரவுதான் கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுக்க?

மார்ச் மாதம், வளர்பிறை சதுர்த்தி அல்லது பஞ்சமி. மாலையில் திருச்செந்தூர் வந்து, காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைப் பார்த்து வைத்துவிட்டு, போய்த் தூங்கிவிடுங்கள். நள்ளிரவு பன்னிரண்டரைக்குக் கரையில் இருங்கள். சூட்டுப்பட்டை, சிரட்டை, ஃபோகஸ். ஒரு மணிக்குத் தெற்கே திரிசங்கு நிமிரும், அதை முதலில் எடுங்கள். பிறகு கேமராவைத் தென்கிழக்கே திருப்பிக் காத்திருங்கள். மூன்று மணிக்குப் பால்வீதியின் மையம் முப்பது பாகை ஏறியிருக்கும். பதினாறு படங்கள், கொஞ்சம் இடைவெளி, மறுபடி பதினாறு. ஐந்து மணி தாண்டினால் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் படகு தள்ளுகிறவர்கள் கூப்பிட்டால் போய் ஒரு கை கொடுங்கள்.